குப்பை வரியில் போன பெயர்

மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்றில் கானாக்காரி செர்வா, மற்றதில் பஞ்சாப்காரி நிர்மல் கௌர். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஏறி வந்தவர் மூச்சு வாங்க நிற்கிற அந்தச் சின்ன இடத்தில்தான் பதினெட்டு வருஷமாக இருவரும் ஒருவரை ஒருவர் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் அந்த நிர்மல், ஒரு சோப்பு வாங்கணும்னாலும் புருஷன் வரணும்" என்பாள் செர்வா. "பாவம் செர்வாக்கா, பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட நேரமில்ல" என்பாள் நிர்மல். இரண்டு பேரும் மனசாரத்தான் பரிதாபப்பட்டார்கள். மனிதர்கள் அடுத்த வீட்டைப் பார்த்துப் பரிதாபப்படுவதில் உள்ள சுகம் வேறு எதிலும் இல்லை.

இத்தாலியில் மொதேனா பக்கத்தில் டைல்ஸ் சுடுகிற ஊர் அது. செர்வாவின் கணவன் நியார்கோ சூளையில் வேலை பார்த்தான். செர்வாவுக்கு ஹாம் தொழிற்சாலையில் குளிர் அறை வேலை. உப்பில் ஊறிய பன்றித்தொடைகளைத் திருப்பித் திருப்பி வைத்து, துடைத்து, அழுத்திப் பார்க்க வேண்டும். வெளியே ஜூலை வெயில் கொளுத்தினாலும் உள்ளே இரண்டு சாக்ஸ் போட வேண்டும். நிர்மலின் கணவன் பல்கார் சிங் ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறந்தான். விடிவதற்கு முன்னால் தலைப்பாகையோடு மூடுபனியில் சைக்கிள் மிதித்துப் போவான்.

இரண்டு பெண்களும் ஒரே வாரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் பிரசவித்தார்கள். நிர்மலுக்கு ஜஸ்லீன். செர்வாவுக்கு பெலிண்டா. பெலிண்டாவுக்குப் பத்து மாதம் ஆனபோது செர்வாவின் விடுப்பு தீர்ந்தது. வீட்டில் சும்மா இருந்து புருஷன் சம்பாத்தியத்தில் சாப்பிடுவது எங்கள் கானாப் பெண்களுக்கு ஆகாது. ஊரில் சந்தையில் கடை போட்டு வளர்ந்த சாதி நாங்கள். செர்வாவின் அம்மா சந்தைக் கூடை சுமந்தாள், அக்கா பிராகோ சுமந்தாள், இவளும் சுமக்கத்தான் வேண்டும்.

நிர்மல் கதவைத் திறந்துகொண்டு வந்து சொன்னாள்: "செர்வாக்கா, பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போ. ஒண்ணுக்குப் பால் காய்ச்சுற இடத்துல ரெண்டுக்குக் காய்ச்சப் போறேன். அவ்வளவுதானே?"

செர்வாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்த அக்கா இருக்கும்போது பிள்ளையை அயலாரிடம் விடுவதா? பிராகோ கேள்விப்பட்டால் ஜன்மத்துக்கும் பேச மாட்டாள். எங்கள் பேச்சில் அம்மாவின் அக்காவும் அம்மாதான். பிள்ளையை ஊருக்கு அனுப்பினால் பள்ளி வயது வரும்போது மொழி தெரியும், மரியாதை தெரியும், கிழங்கை இடித்து உருட்டுகிற ஃபுஃபு விழுங்கத் தெரியும். பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

"எங்க அக்கா கேட்டுட்டே இருக்கா, நிர்மல். எங்க ஊர் குமாசில பெரிய வீடு. கோழி, ஆடு எல்லாம் இருக்கு. பிள்ளை ஓடியாடி வளரும்" என்றாள் பெருமையாக. கிறிஸ்துமஸுக்குக் கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பி வரும் விமானம் முழுக்க அழுதாள். இறங்கிய மறுநாள் வேலைக்குப் போனாள்.

அந்த வசந்தத்தில்தான் நியார்கோவுக்கு மூளை வேலை செய்தது. இந்த நாட்டில் குப்பை வரியை வீட்டில் இருக்கும் தலைகளை எண்ணித்தான் போடுவார்கள். நியார்கோ ஒழுங்குக்குப் பெயர் போனவன். யாருமே வராத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பான். கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போய், தனக்குத் தெரிந்த நல்ல இத்தாலியனில், "எங்க மகள் இப்போ கானாவுல இருக்கா. வீட்ல ரெண்டு பேர்தான். பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். எடுத்துவிட்டார்கள். அன்றைக்குச் செர்வா அவனுக்கு ஆட்டுக்கறியும் கடலைச் சூப்பும் வைத்தாள்.

"சட்டம் தெரிஞ்சவன் எப்பவும் பிழைச்சுப்பான்" என்று அவன் எலும்பைக் கடித்தபடி சொன்னதற்கு அவளும் தலையாட்டினாள்.

நாலு வயதில் பெலிண்டா திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் தூக்கப் போன செர்வாவின் கையைக் கடித்தாள். ராத்திரியெல்லாம் "அம்மா, அம்மா" என்று அழுதாள். செர்வா ஓடிப் போய் அணைத்தால் தள்ளிவிட்டாள். அவள் கூப்பிட்டது பிராகோவை. பிராகோவைப் பெரியம்மா என்று கூப்பிடப் பழக்க ஒரு வருஷம் பிடித்தது. செர்வா அதைக் கெஞ்சியும் மிரட்டியும் சாக்லேட் கொடுத்தும் சாதித்தாள். அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவள் நம்பினாள்.

காலம் போயிற்று. செர்வா கார் ஓட்டக் கற்றாள். நிர்மல் டாக்டரிடம் போனால் அவளுடைய உடைந்த இத்தாலியனைச் சரியாக எடுத்துச் சொல்ல பெலிண்டாதான் கூடப் போவாள். பிறகு டைல்ஸ் தொழில் படுத்தது, நியார்கோவின் சூளை அணைந்தது. அவன் சந்தையில் மூட்டை இறக்கினான், தோட்டம் வெட்டினான். சில மாதம் சும்மா இருந்தான். மாடுகளுக்கு அந்தக் கவலை கிடையாது, எந்த நெருக்கடியிலும் பால் கறந்தாக வேண்டும். பல்கார் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து தான் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டையே விலைக்கு வாங்கினான். செர்வா குமாசியில் ஒரு வீடு கட்டினாள், அதில் பிராகோ குடியிருந்தாள். இங்கே வாடகை.

சனிக்கிழமை எங்கள் கானாச் சங்கக் கூடத்தில் இதுதான் பேச்சு. "ஆசியாக்காரனைப் பாரு, ஒரே கூரைக்குக் கீழ பத்து பேர், ஒரே உண்டியல். நம்ம ஆளு சம்பாதிக்கிறது ஒருத்தன், கை நீட்டுறது ஊரே." சொல்கிறவன் அடுத்த நிமிஷமே ஊரில் நடக்கும் ஒரு துக்கத்துக்கு மைக்கில் பெயர் சொல்லி நோட்டைப் போடுவான். எனக்கு இந்த ஒப்பிடுதலே பிடிக்காது. ஆனால் கேட்காமல் இருக்க முடிந்ததும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்ச்சில் ஒரு சிநேகிதி செர்வாவிடம் அழுதாள். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் கேட்டால் குடியுரிமை உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்த நாளிலிருந்து இடைவெளி இல்லாமல் இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்பது அந்தச் சிநேகிதிக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் மகனும் சின்ன வயதில் ஊரில் இருந்தவன். அவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

செர்வா நேராக வீட்டுக்கு வந்து நியார்கோவிடம் சொன்னாள்.

"பெலிண்டா அப்பா, நீங்க போய்ப் பேரை எடுக்கச் சொன்னீங்களே..."

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "சட்டம் மாறப் போகுதுன்னு சொல்றாங்க. அவகிட்ட இப்ப சொல்லாத. படிக்கிற பிள்ளை."

பெற்றவர்களாவது முன்பே கேட்டு வாங்கியிருந்தால் அதோடு பிள்ளைக்கும் கிடைத்திருக்கும். ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள், வந்த நாளிலிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பப் போகிறவர்களுக்கு எதற்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இப்போது கேட்டாலும் கிடைக்க வருஷங்கள் ஆகும். அதற்குள் பெலிண்டாவுக்குப் பதினெட்டு தாண்டிவிடும்.

பெலிண்டாவுக்கு ஒரே ஆசை. தீயணைப்புப் படை. சின்ன வயதில் எதிர்க் கட்டடத்தில் தீப்பிடித்தபோது ஏணியில் ஏறிய ஒரு பெண்ணைப் பார்த்ததிலிருந்து அதே பைத்தியம். கட்டடத்தில் உள்ள கிழவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி ஓடுவாள். "பயிற்சிக்குப் பயிற்சி, அவங்களுக்குத் தண்ணிக்குத் தண்ணி" என்பாள். ஆளெடுப்பது எப்போதாவதுதான். இந்த இலையுதிர் காலத்தில் எடுக்கப் போவதாக அறிவித்துவிட்டார்கள். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த வேலை குடிமக்களுக்கு மட்டும்தான்.

செர்வாவும் ஒரு நாளைக் குறித்து வைத்திருந்தாள். அவள் விரல்கள் காலையில் மடங்குவதில்லை. பெலிண்டா குடியுரிமை வாங்கியதும் குளிர் அறையை விட்டுவிட்டு, குமாசிக்குப் போய் அக்காவோடு துணிக்கடை வைப்பதாகத் திட்டம். இந்தக் கோடையோடு நின்றுவிடுவேன் என்று மேற்பார்வையாளரிடம்கூட முன்பே சொல்லியிருந்தாள். நடக்காது என்று தெரிந்த பிறகும் அந்தப் பேச்சை அவளால் திரும்பப் பெற முடியவில்லை. திரும்பப் பெற்றால் எல்லாம் உண்மையாகிவிடுமே.

அப்போது பார்த்து, பெலிண்டாவின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நூலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். கானாக்காரர்களும் ஆசியாக்காரர்களும் இந்த ஊரில் எப்படி வாழ்கிறார்கள், யார் எதில் முன்னேறினார்கள் என்று ஆராய்ச்சியாம். சுவரில் நீலக் கம்பமும் ஆரஞ்சுக் கம்பமுமாகப் படம் காட்டினாள். கானாப் பெண்கள் வேலைக்குப் போவதில் மேல். மொழியில் மேல். ஆசியாக்காரர்கள் சொந்த வீட்டில் மேல். எடுத்துக்காட்டாக மேடையில் இரண்டு நாற்காலியில் செர்வாவையும் நிர்மலையும் உட்கார வைத்திருந்தார்கள், கண்காட்சியில் இரண்டு பசுக்களை நிறுத்துவது போல.

"பிள்ளைகள் சின்னதா இருந்தப்போ யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நிர்மல் வெட்கத்தோடு, "நான்தான். எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். கூட்டம் அன்பாகச் சிரித்தது.

செர்வா மைக்கைக் கையில் வாங்கினாள். மூன்றாவது வரிசையில் பெலிண்டா ஜஸ்லீனோடு உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். "நர்சரி" என்றாள் செர்வா. "இங்கேயே, நம்ம ஊர் நர்சரி." கைதட்டினார்கள். வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் வளர்த்த பெண்ணென்று அந்த இளம்பெண் பாராட்டினாள். செர்வா மைக்கை அவசரமாக நிர்மலிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பெலிண்டா விடவில்லை. "ஏம்மா பொய் சொன்ன? நான் பெரியம்மா வீட்லதானே இருந்தேன்?"

"அத்தனை பேர் முன்னாடி, பிள்ளையை ஊருக்கு அனுப்பிட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"அதுல என்ன வெட்கம்? சங்கத்துல பாதிப் பேர் அப்படி வளர்ந்தவங்கதான். நீயும் ஒரு ஆளு." பெலிண்டா சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளில் கை போட்டாள். அந்தக் கை செர்வாவுக்குப் பாறாங்கல்லாகக் கனத்தது. இப்போது சொல்லிவிடு என்று மனசு சொன்னது. அவள் பையில் வீட்டுச் சாவியைத் தேடினாள்.

மறுநாள் பகலில் எதிர்க்கதவைத் தட்டினாள். நிர்மல் மாவு பிசைந்த கையோடு திறந்தாள். செர்வா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அந்த வருஷமெல்லாம் பெலிண்டா உன் வீட்லதான் வளர்ந்தான்னு சொல்லுவியா, நிர்மல்? பேரை எடுத்தது ஏதோ தப்பா நடந்துச்சு, பிள்ளை இங்கேயேதான் இருந்துச்சுன்னு. ஒரு வார்த்தை. நீ சொன்னா நம்புவாங்க."

நிர்மல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சொல்றேன்க்கா. அவ எனக்கும் பிள்ளைதானே? அன்னிக்கே விட்டிருந்தா இன்னிக்கு இது பொய்யாவே இருந்திருக்காது." அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் செர்வாவுக்கு அதிகமாகக் குத்தியது.

அன்று ராத்திரி எதிர் வீட்டில் பல்காரின் குரல் உயர்ந்தது. காலையில் நிர்மல் கதவைப் பாதி திறந்து, நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அவர் வேணாங்கிறாருக்கா. ஜஸ்லீன் பேப்பரும் அதே மேசைக்குத்தான் போகுது. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அவளோடதும் போயிடுமாம். நான் என்ன பண்ணட்டும்? இந்த வீட்ல நான் கேட்டு எது நடந்திருக்கு?"

செர்வா அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் இவளைப் பார்த்து, நான் கார் ஓட்டுகிறேன், நான் சம்பாதிக்கிறேன், என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது இருவருக்கும் நடுவில் நாலடி இடம். இவளாலும் தாண்ட முடியவில்லை, அவளாலும் தாண்ட முடியவில்லை. "பரவால்ல நிர்மல்" என்றாள். 

பிறந்தநாட்கள் வந்தன. மறுவாரமே இரண்டு பெண்களும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினார்கள். செர்வாவும் கூடப் போனாள். வழியெல்லாம் சொல்லிவிட வாயெடுத்து, வேறு ஏதேதோ பேசினாள். ஒருவேளை கணினியில் பார்க்காமல் விட்டுவிட்டால்? ஒருவேளை அங்கே இருப்பவர் இரக்கப்பட்டால்? அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறினாள்.

ஜஸ்லீனுடையது கொஞ்ச நேரத்தில் முடிந்தது. பெலிண்டாவின் முறை வந்ததும், ஜன்னலுக்கு அப்பால் இருந்த அம்மாள் திரையைப் பார்த்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"நடுவுல நீ இங்க இல்லையே, கண்ணு."

"ஆமா, கானாவுல இருந்தேன்" என்றாள் பெலிண்டா உற்சாகமாக. "பெரியம்மா வீட்ல. ரொம்பச் சின்னப் பிள்ளை அப்போ."

அந்த அம்மாள் மெல்லப் புரிய வைத்தாள். கடுமையாகப் பேசவில்லை. "நிறையப் பேர் பிள்ளைங்கள ஊருக்கு அனுப்புவாங்க. ஆனா இங்க வந்து யாரும் சொல்றதில்ல. உங்க வீட்லேர்ந்து வந்து சொல்லியிருக்காங்க. குப்பை வரியைக் குறைக்கணும்னு கேட்டிருக்காங்க." பிறகு வருத்தத்தோடு, "ஒழுங்கான மனுஷங்க" என்றாள்.

பெலிண்டா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைக் கண்டாள். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜஸ்லீன் அவள் கையைப் பிடிக்க வந்தாள், பிறகு தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

வேறு வழி ஒன்று இருக்கிறது என்றும் அந்த அம்மாள் சொன்னாள். நீண்ட வழி. தனியாக மனுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள்வரை வீட்டில் ஒருவருடைய சம்பளம் விட்டுப் போகாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

அன்று மாலை நியார்கோ வேலை தேடி அலைந்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தான். செர்வா தட்டு வைத்தாள். பெலிண்டா சாப்பிட வரவில்லை, கதவோரம் நின்றாள்.

"வருஷத்துக்கு எவ்வளவுப்பா மிச்சமாச்சு?"

அவனுக்குப் புரிந்தது. கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. "உனக்காகத்தான் மிச்சம் பிடிச்சேன்மா..." என்று ஏதோ ஆரம்பித்தான்.

"எவ்வளவு?"

 செர்வா இடையில் புகுந்தாள். "அவரைக் கேக்காத. உன்னை அனுப்பினது நான். கோபம்னா எங்கிட்ட வா. அடி, திட்டு, என்ன வேணாப் பண்ணு."

பெலிண்டா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ரெண்டு வருஷமா தெரியும் உனக்கு. நான் தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு மாடி மாடியா ஓடுறப்பல்லாம் பார்த்துட்டுத்தானே இருந்த?" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செர்வா பாத்திரம் கழுவினாள். தொழிற்சாலைக்குப் போன் செய்து, கோடையில் நிற்கப் போவதில்லை, அந்தப் பேச்சை மறந்துவிடுங்கள் என்றாள். மேற்பார்வையாளன் சந்தோஷப்பட்டான். எவ்வளவு நாள் இருப்பாய் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். குமாசித் துணிக்கடையைப் பற்றி இனி நினைக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு தடிமனான சாக்ஸ்களைத் தேடினாள். அவை பெலிண்டாவின் அறைக்கு வெளியே இருந்த இழுப்பறையில் இருந்தன.

அங்கே குனிந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. பெலிண்டா போனில் பேசிக்கொண்டிருந்தாள். இத்தாலியனில் இல்லை, எங்கள் மொழியில். எதிர்முனையில் இருந்தது பிராகோ. பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள்.

"அம்மா" என்று கூப்பிட்டாள். பெரியம்மா என்று அல்ல. "அம்மா, என்னை ஏன் திருப்பி அனுப்பின?"

செர்வா சாக்ஸைக் கையில் பிடித்தபடி நின்றாள். கதவைத் தட்டக் கை போயிற்று. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எதிர் வீட்டில் ஜஸ்லீனுக்காக யாரோ இனிப்பு பொரித்தார்கள், நெய் வாசனை கதவிடுக்கில் வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, விடியற்காலை வேலைக்கு இப்போதே, ஒவ்வொரு காலிலும் இரண்டிரண்டு சாக்ஸாகப் போட்டுக்கொண்டாள்.